பேரின் கடைசியில் ஓர் உகரம்

"தமிழ்ல எந்தச் சொல்லும் 'ஸ்'னு முடியாது மிஸ். இலக்கணப்படி உங்க பேரு யூனிசு."

"அப்ப 'பஸ்'?"

"பேருந்து."

"'ப்ரெஸ்'?"

"அச்சகம்."

"இப்ப என்னை 'மிஸ்'னு கூப்பிட்டீங்களே, அது? நாளையிலேருந்து 'மிசு'ன்னு கூப்பிடுவீங்களா?"

ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸ்களுக்கு மேலே குனிந்திருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்து சிரித்தன.

"தோத்துட்டேன்" என்றார் ராஜகோபால் சார், இரண்டு கைகளையும் தூக்கி. "உங்க பேரு உங்களுது. இலக்கணத்துக்குப் பயந்து ஒருத்தர் பேரைத் திருத்துறது அராஜகம். யூனிஸ். சரியா?"

'ஸ்' என்ற இடத்தில் உதட்டை விட்டுக் காற்று ஒரு இழைகூட மிச்சமில்லாமல் முடிந்தது. அவ்வளவு சிரத்தையாக யாரும் அவள் பேரைச் சொன்னதில்லை. பிறகு சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் மேசையைக் கடந்து போகும்போது, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "யூனிசு" என்றார்.

அது 1984 ஆகஸ்டில். தாம்பரத்தில் தண்டவாளத்துக்கு மேற்கே இருந்த அந்த உதவி பெறும் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர், வயது இருபத்தாறு. அவர் தமிழாசிரியர், ஐந்து வயது மூத்தவர். இன்றைக்கு 1994 ஜூன், பள்ளி திறக்கிற முதல் திங்கள்கிழமை. அதே அறையில், அதே மேசையில் உட்கார்ந்திருந்த யூனிஸ், பழைய பேச்சை வரி விடாமல் மறுபடியும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அவர் வாயால் அந்த உகரத்தைக் கேட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. உகரம் இல்லாமல்கூடக் கேட்டதில்லை. ஒன்பது வருஷமாக ராஜகோபால் அவள் பேரை எந்த வடிவத்திலும் சொன்னதே இல்லை.

இன்றைக்கு அவர் திரும்பி வருகிறார். இன்றைக்காவது சொல்வார்.

பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் பெட்டிக் கடைகளில் தொங்கிய 'புறநகர் மடல்' என்ற எட்டுப் பக்க மாதமிருமுறைப் பத்திரிகையை அறிந்தவர்கள், ராஜகோபாலை 'சன்னலோரம்' என்ற பத்தியால் அறிவார்கள். வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு வட்டச் செயலாளரைக் கேலி செய்து பாடிய பாட்டுக்காரனைப் போலீஸ் துரத்தினால், மறு இதழில் அந்தப் பாட்டு முழுசாகச் 'சன்னலோர'த்தில் வந்துவிடும். பாட்டு நன்றாக இல்லை என்ற விமர்சனமும் கூடவே வரும். "மட்டமாகப் பாடவும் மனுஷனுக்கு உரிமை உண்டு, துரத்த யாருக்கும் உரிமை இல்லை" என்று முடிப்பார்.

ஆனால் பத்தியைவிடப் பேர் போனது அதற்குக் கீழே இருந்த கட்டம். மின்சார ரயிலில் சன்னலோரம் இடம் பிடித்தவனுக்கு எதிரே, முழங்கால் இடிக்க ஒருவர் உட்கார்ந்தே தீருவார் அல்லவா? அதனால் அந்தக் கட்டத்துக்கு 'எதிர் சீட்' என்று பெயர். அவரை எதிர்த்து எழுதுகிற கடிதங்களுக்கு மட்டுமே இடம். அவருக்கு அரைப் பக்கம் என்றால் எதிராளிக்கும் அரைப் பக்கம். பேர் வேண்டாம் என்றால் பேர் வெளியே வராது. எழுதி வந்ததில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது.

இந்தக் கடைசி விதியில்தான் குப்புராஜ் நொந்துபோனார். பம்மலில் அச்சகம் வைத்துப் பத்திரிகையை நடத்தியவர் அவர். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் டிவிஎஸ் ஐம்பதில் பள்ளி வாசலுக்கே வந்து கையெழுத்துப் பிரதியை வாங்கிப் போவார்.

"இன்னா சார் இது பேஜாரு? தமிழ் வாத்தியார் பக்கத்துலயே இம்மாந் தப்பு கீது. பாக்கறவன்லாம் எம் ப்ரெஸ்ஸத் திட்டறான். அந்த 'டிக்கெட் எடுத்த பயணி' கீறாரே, அந்தாளு ஒத்து போட்டதா சரித்திரமே இல்ல. ஒரே ஒரு வாட்டி நான் திருத்திக்கட்டா?"

"கூடாது குப்புராஜ். அவரு பேசற மாதிரி அவரு பேசட்டும்."

"நீ தமிழ் வாத்தியாரா, வக்கீலா?"

மாடி வராந்தாவில் நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு நின்ற யூனிஸுக்கு இது காதில் விழுந்தது. காது மடல் சுட்டது. ஏனென்றால் அந்த டிக்கெட் எடுத்த பயணி அவள்தான்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். 'பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள்' என்று ராஜகோபால் எழுதியிருந்தார். நாற்பது நிமிஷ பீரியடில் அறுபத்திரண்டு பேர் ஆளுக்கொரு கேள்வி கேட்டால் தேற்றத்தை யார் நிரூபிப்பது, உங்கள் அப்பாவா என்று அவள் எழுதிப் போட்டாள். 'உங்கள் அப்பாவா' உட்பட அப்படியே அச்சில் வந்தது. அவளுக்குப் பிடித்துப்போயிற்று. வகுப்பிலும் வீட்டிலும் கோயிலிலும் சொல்ல முடியாததைச் சொல்ல ஓர் அரைப் பக்கம் கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது? கணக்குப் படித்தவளுக்கு க், ச், த், ப் எங்கே வரும் என்பது மட்டும் கடைசி வரை பிடிபடவில்லை. 'கருத்து சுதந்திரம்' என்றே எழுதினாள். நடுவில் வர வேண்டிய 'ச்' வரவே இல்லை.

ஒரு நாள் எட்டாம் வகுப்பில் பாடம் முடித்து, கரும்பலகையில் 'வீட்டு கணக்கு' என்று எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்த பீரியடுக்கு வந்த ராஜகோபால் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மிஸ், 'வீட்டுக் கணக்கு'. நடுவுல ஒரு 'க்' வரணும்."

அவள் டஸ்டரை எடுத்தாள்.

"அழிக்காதீங்க யூனிஸ்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்குப் பழகிடுச்சு."

அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு அவள் வீட்டுக்கு நடந்தே போனாள். கடப்பேரி வரைக்கும் கால் தரையில் பட்டதா என்று அவளுக்கு நினைவில்லை.

அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அதற்கு மேல் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியதை எல்லாம் சன்னலோரத்திலும் எதிர் சீட்டிலுமாக ஊர் பார்க்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

1985 பிப்ரவரியில் பள்ளி ஆண்டு விழா வந்தது. ஒன்பதாம் வகுப்புக் கனகவல்லி, 'நான் விரும்பும் பள்ளி' என்று ஒரு பேச்சு எழுதிக் கொண்டுவந்தாள். 'எங்களுக்குக் கழிப்பறை இல்லை. அதனால் பெண் பிள்ளைகள் காலையில் வீட்டில் தண்ணீர் குடிக்காமல் வருகிறோம். மாலையில் போய்க் குடிப்போம்' என்பது அதில் மூன்றாவது வரி. தாளாளர் தனக்கோடி சிவப்புப் பென்சிலால் அந்த வரியை அடித்தார். அப்புறம் யோசித்துப் பேச்சையே அடித்தார். விழாவில் கனகவல்லிக்குப் பூங்கொத்து கொடுக்கிற வேலை கிடைத்தது.

அந்த வாரம் டிக்கெட் எடுத்த பயணி எழுதிய கடிதத்தில் கேலி இல்லை. அடிக்கப்பட்ட வரியை அப்படியே எழுதி, 'கருத்து சுதந்திரம் பற்றி பக்கம் பக்கமாய் எழுதும் ஐயா, உங்கள் மூக்குக்கு கீழே நடப்பது தெரியவில்லையா?' என்று கேட்டிருந்தது. மூன்று இடத்தில் ஒற்று இல்லை. ராஜகோபால் அப்படியே போட்டார்.

விசாரணை தாளாளர் அறையில் நடந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று மினிட்ஸ் எழுத யூனிஸை உட்கார வைத்தார்கள். இதைவிடக் கொடுமை வேறு என்ன இருக்க முடியும்?

"யாரு அந்தப் பயணி?" என்றார் தனக்கோடி.

"டிக்கெட் எடுத்தவங்க சார்."

"நக்கலா? இந்த ஸ்கூல்ல இருக்கற ஆளுதான் எழுதியிருக்கணும். பேரைச் சொல்லு, உனக்கு ஒரு மெமோவோட போயிடும். சொல்லலைன்னா வேலையை மறந்துடு."

"அந்தப் பேரு என் வாயிலேருந்து வராது சார்."

யூனிஸின் பேனா நின்றது. நாற்காலியைப் பின்னால் தள்ளி அவள் பாதி எழுந்துவிட்டாள். ராஜகோபால் அவள் பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து, "நான் சொன்னதை மினிட்ஸ்ல அப்படியே எழுதிக்கட்டும். ஒரு எழுத்து மாத்த வேணாம்" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். எழுதினாள்: 'அந்த பெயர் என் வாயிலிருந்து வராது.'

கையெழுத்துப் போட நோட்டை அவர் பக்கம் தள்ளினார்கள். 'அந்த'வுக்கும் 'பெயரு'க்கும் நடுவில் இல்லாமல் போன 'ப்' மேல் அவர் பார்வை ஒரு கணம் நின்றது. வேலை போகிற நேரத்தில் ஒரு மனுஷன் சிரிப்பானா? உதட்டோரம் லேசாகச் சிரித்தார். திருத்தாமல் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற அவரிடம் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"நாளைக்கு நான் போய்ச் சொல்லிடறேன் சார்."

"சொல்றதும் சொல்லாததும் உங்க உரிமை. ஆனா என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்லாதீங்க. பேசுன்னு ஒருத்தரை நெருக்கறதும் வாயைப் பொத்தறதும் எனக்கு ஒண்ணுதான்." ரயில் வருகிற திசையைப் பார்த்தார். "அப்பா எப்படி இருக்கார்?"

அதுதான் விஷயம். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆன அவள் அப்பா ஏசுபாதம், பக்கவாதம் வந்து படுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்தி. அது அவருக்குத் தெரியும்.

"அப்படியேதான் இருக்கார்."

"பார்த்துக்குங்க மிஸ்."

கேட் திறந்தது. பாதித் தண்டவாளம் தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. 'பார்த்துக்குங்க யூனிஸ்' என்று அவர் சொல்லவில்லை.

அப்பாவுக்காகப் பத்து நாள் பொறுத்தாள். பதினோராம் நாள் அரைப் பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். அது இப்படி முடிந்தது: 'இதுவரை டிக்கெட் எடுத்த பயணி என்ற பெயரில் எழுதியவள் நான். இனி மறைக்க விருப்பமில்லை. இப்படிக்கு, யூனிஸ், கணித ஆசிரியை.' எதிர் சீட்டுக்குத் தபாலில் சேர்த்தாள். வேலை போனால் டியூஷன் எடுக்கலாம் என்று அப்பாவிடம்கூடச் சொல்லிவிட்டாள். அடுத்த இதழில் எதிர் சீட்டில், செம்பாக்கம் ஏரியைப் பற்றி யாரோ ஒருவர் எழுதியிருந்தார். அதற்கடுத்த இதழில் கொசுவைப் பற்றி.

அவரைத் திட்டி வந்த கடிதத்தைப் போட்டவர், அவர் சாதியைத் தோண்டி வந்த கடிதத்தைப் போட்டவர், அவள் கடிதத்தை மட்டும் போடவில்லை. தன் நன்மைக்குத்தான் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததனால் கோபம் போய்விடவில்லை. ஒரு தடவை பொது இடத்தில் சொல்லத் துணிந்தவளை, மறுபடி துணிய வேண்டுமே என்று ஒவ்வொரு காலையிலும் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டுகிறபோது யோசிக்கிறவளாக ஆக்கிவிட்டாரே!

ஜூனில் அவர் வேலை போயிற்று. ஆறு மாதத்தில் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டி, திறந்துவைத்தவர் தனக்கோடி என்று கல்வெட்டும் பதித்தார்கள்.

வேலை நீக்கத்தை எதிர்த்து அவர் வழக்குப் போட்டார். அது ஒன்பது வருஷம் இழுத்தது. "முடியற வரைக்கும் அந்தப் பயணி யாருன்னு காத்துக்குக்கூடத் தெரியக் கூடாது. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு டீ குடிச்சாக்கூட எதிர்க்கட்சி வக்கீல் கதை கட்டுவான்" என்று வக்கீல் அரிகிருஷ்ணன் அவரிடம் சொல்லியிருந்தார். அவர் டுடோரியலில் தமிழ் நடத்தினார். பத்தி எழுதினார். சானடோரியம் ஸ்டேஷனில் எப்போதாவது எதிர்ப்பட்டால், "நல்லா இருக்கீங்களா மிஸ்?" என்பார். இரண்டு நிமிஷம் நிற்பார். வண்டி வரும். அப்பா இறந்தபோது கல்லறைத் தோட்டத்தில் கடைசி வரிசையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். "எதுனா வேணும்னா சொல்லி அனுப்புங்க மிஸ்" என்றார். மிஸ், மிஸ், மிஸ். அந்த வார்த்தைமேல் அவளுக்கு வெறுப்பே வந்துவிட்டது.

ஆனால் கடிதத்தை அவள் நிறுத்தவில்லை. ஒற்று இல்லாத அரைப் பக்கம் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் பம்மலுக்குப் போயிற்று; ஒற்று இல்லாமலே திரும்பி வந்தது. அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, அவருடைய பத்தியையும் அதையும் மேலும் கீழுமாக வாசிப்பாள். ஒருவர் பேச ஒருவர் கேட்பது போலவே இருக்கும். வாசித்து முடித்த பிறகு வீடு இன்னும் கொஞ்சம் அமைதியாகிவிடும்.

வரன்கள் வந்தன. அப்பா இருக்கும்போதே வாய் கோணிக் கேட்டிருந்தார்: "யாருக்காகம்மா காத்துட்டிருக்க?"

"ஒரு கேஸ் முடியட்டும்பா."

"உனக்கு ஏதும்மா கேஸ்?" என்றார் அவர். அவள் தலையணையைச் சரி செய்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பல்லாவரம் சந்தையில் அது நடந்தது. கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவளை ஓர் அம்மா தோளில் தட்டினாள். காதில் பெரிய கம்மல், நெற்றி நிறையக் குங்குமம்.

"நீதானே மேற்குத் தாம்பரத்துக் கணக்கு டீச்சரு? நான் ராஜகோபாலு அம்மா. கங்கையம்மா. எங்க தெருப் பொண்ணுதான் அதோ அவங்கன்னு காட்டிக் குடுத்துது."

யூனிஸ் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையில் கத்திரிக்காய் இருந்தது.

"உன் பேரு இன்னாம்மா?"

"அவர் சொன்னதில்லையா?"

"அவனா? நல்லாச் சொன்னான் போ! கடுதாசி வந்துகினே கீதே, யாருடா எழுதறதுன்னா 'அவங்க'ன்றான். யாருக்குடா ஒடம்பு சரியில்லன்னு ஆஸ்பத்திரி விசாரிக்கறன்னா 'அவங்க அப்பாவுக்கு'ன்றான். 'அவங்க'ன்னு ஒரு பேரா? பொண்டாட்டிக்காரிதான் புருசன் பேரச் சொல்ல மாட்டா. நானே அவங்கப்பன் பேர இன்னி வரிக்கும் சொன்னதில்ல. இவன் இன்னாடான்னா ஆம்பள, இன்னும் கட்டவே இல்ல, அதுக்குள்ள வாயக் கட்டிகினான்!"

பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார்.

யூனிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பேரு என் வாயிலேருந்து வராது. அவர் அதைத் தாளாளரிடம் மட்டும் சொன்னதாக இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள். இலக்கணக்காரர் அல்லவா? சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குள்ளும், பெற்ற தாயிடமும், அவளிடமும்கூட.

"யூனிஸ்மா" என்றாள் மெதுவாக.

"யூனிசா? நல்லாத்தான கீது. இத்தச் சொல்ல இன்னா கஷ்டம் அவனுக்கு?" என்று கங்கையம்மாள் அவள் கூடையில் இரண்டு முருங்கைக்காயைப் போட்டுவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து ஒரே ஆசைதான். கல்யாணம், வீடு, வாசல் என்று பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வழக்கு முடிகிற அன்றைக்கு அவர் வாயால் அவள் பேர். ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. ராஜகோபாலை வேலையில் சேர்த்துக்கொள்ள உத்தரவு. புறநகர் மடலில் பெட்டிச் செய்தியாகப் பார்த்துத்தான் அவளுக்கே தெரியும். வருவார், சொல்வார் என்று மே மாதம் முழுக்கக் கதவு தட்டுகிற சத்தத்துக்கெல்லாம் எழுந்து போனாள். பால்காரர், கேஸ் சிலிண்டர்காரர், டியூஷன் பிள்ளைகள். அவர் வரவில்லை.

"யூனிசு மிஸ்!" ஆயா எல்லம்மா வராந்தாவிலிருந்தே கத்தினாள். "உங்க தமிழ் வாத்தியாரு வந்துகினு கீறாரு! தலயெல்லாம் நரச்சிப் பூட்ச்சி, ஆனா அதே நடதான்!"

யூனிஸ் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். அவளுக்கும் காதோரம் நரை இருந்தது. காலையில் கண்ணாடியில் அதை இப்படியும் அப்படியுமாக மறைத்துப் பார்த்துவிட்டு, போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ராஜகோபால் உள்ளே வந்தார். தலைமையாசிரியை அபிதகுஜாம்பாள் எழுந்து வரவேற்றார். புதிதாக வந்த இளம் ஆசிரியர்கள் பேர் சொல்லிக் கைகொடுத்தார்கள். எல்லோரையும் முடித்துக்கொண்டு கடைசியாக அவள் மேசைக்கு வந்தார்.

"நல்லா இருக்கீங்களா மிஸ்?"

"இருக்கேன் சார்" என்றாள். நோட்டுக் கட்டின் நூலை அவிழ்த்தாள். அவிழ்த்ததையே மறுபடி கட்டினாள்.

"யூனிஸ், உங்க கையெழுத்துதான் அழகா இருக்கும். சார் சேர்ந்ததை ரிஜிஸ்டர்ல எழுதி அவர்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்க. நான் பிரேயருக்குப் போறேன்" என்று தலைமையாசிரியை போய்விட்டார். மணி அடித்தது. அறை காலியாயிற்று. முதல் பீரியடு அவளுக்கு இல்லை. அவருக்கு இன்னும் டைம் டேபிளே போடவில்லை.

எழுதினாள். நோட்டை அவர் பக்கம் தள்ளினாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகவில்லை. ஜோல்னாப் பையிலிருந்து பழுப்பேறிய ஓர் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். உறையின்மேல் அவள் கையெழுத்து.

"இது உங்களுது. ஒன்பது வருஷமா என்கிட்ட இருக்கு."

அவள் உறையைத் தொடவில்லை.

"ஏன் போடலை?"

"போட்டிருந்தா மறுநாளே உங்களையும் அனுப்பியிருப்பாங்க. அப்பாவையும் வெச்சுக்கிட்டு நீங்க..." நிறுத்தினார். "அதெல்லாம் காரணம் இல்ல. அந்த முடிவு உங்களுது. நான் எடுத்துட்டேன். எல்லாரும் பேசலாம், எல்லாரும் எழுதலாம்னு பக்கம் பக்கமா எழுதினேன். எனக்கு யாரு முக்கியமோ அவங்க பேச்சை மட்டும் அமுக்கிட்டேன். தனக்கோடி சிவப்புப் பென்சில்ல அடிச்சார், நான் பைக்குள்ள வெச்சு அடிச்சேன். மே மாசம் பூரா உங்க தெரு முனை வரைக்கும் வந்து வந்து திரும்பினேன். எந்த முகத்தோட கதவைத் தட்டறது?"

'யாரு முக்கியமோ.' ஒன்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த கோபத்தை அவள் தேடினாள். அது தெரு முனை வரைக்கும் வந்து திரும்பிவிட்டது.

"இந்த இதழ்ல போட்டுடறேன். குப்புராஜ்கிட்டச் சொல்லியாச்சு. முழு அரைப் பக்கம். ஒரு எழுத்து மாத்தாம."

அவள் உறையைப் பிரித்தாள். இருபத்தேழு வயதில் எழுதின தாள். மடிப்பெல்லாம் துணி மாதிரி மெத்தென்று ஆகியிருந்தது. அடிக்கடி பிரித்தால்தான் அப்படி ஆகும். அவர் சொன்னது நிஜம்தான். விட்டுப்போன ஒற்றுகள் எல்லாம் விட்டபடியே இருந்தன. கடைசியில் அவள் பேர். பக்கத்தில் ஏதோ அழித்த தடம். சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்து, மறுபடி எழுதி மறுபடி அழித்து, காகிதம் அந்த ஓர் இடத்தில் மட்டும் தேய்ந்து மெலிந்திருந்தது. தேய்ந்த இடத்தில் நிழல் மாதிரி, 'யூனிசு'.

"இது என்ன?"

ராஜகோபால் ஆசிரியர் அறைச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"அழிச்சுட்டேன்."

"அழிச்சது தெரியுது."

"வாயிலேருந்து வராதுன்னுதானே சொல்லியிருந்தேன்" என்றார். "கையிலேருந்து வராதுன்னு சொல்லலையே. எப்பவாவது, வீட்ல யாரும் இல்லாதப்ப."

கீழே மைதானத்தில் பிள்ளைகள் பிரேயர் முடித்து வரிசையாக நகர்கிற சத்தம் கேட்டது. யூனிஸ் தாளை நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

"பத்திரிகையில வேணாம்."

"இல்ல, போட்டாத்தான் நியாயம். அது உங்க உரிமை. நீங்க..."

"என் உரிமைதானே? அதை வேணாம்னு சொல்றதும் என் உரிமை. ஊருக்குச் சொல்ல எனக்கு இப்ப ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க மிஸ்."

"இதுதான். இந்த 'மிஸ்'தான்." அவள் எழுந்து நின்றாள். அன்றைக்குத் தாளாளர் அறையில் பாதி எழுந்து உட்கார்ந்துவிட்டவள், இன்றைக்கு முழுசாக எழுந்து நின்றாள். "கேஸ் முடிஞ்சிடுச்சு. பேரைக் கேட்ட தாளாளரும் பொறுப்பை விட்டுப் போயிட்டார். நீங்க குடுத்த வாக்கைக் காப்பாத்திட்டீங்க. எல்லாரையும் பேச விட்டீங்க. யாரையும் பேசுன்னு நெருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். நானா கேட்டாத்தான் உண்டு. ஒன்பது வருஷமா ஸ்டேஷன்லயும் அப்பா கல்லறையிலயும் தொண்டை வரைக்கும் வந்து நின்னுது. இப்பக் கேக்கறேன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, ராஜகோபால். அந்த 'சு' போட்டே கூப்பிடுங்க. ஆயுசுக்கும்."